பதினெட்டு அடியில் ஒரு சுவர்

போன் அடித்தது.

ஆர்டிஸ் அதற்காகத்தான் ஒன்றரை மணி நேரமாகச் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கப் காபி ஆறிப் போயிருந்தது.

மூன்று முறை அடிக்க விட்டாள். உடனே எடுத்தால் காத்திருந்த மாதிரி ஆகிவிடும் இல்லையா?

"ஹலோ..."

"ஆர்டிஸ்... நான் வோனி. சுவர் விழுந்துடுச்சுடி."

ஆர்டிஸுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொண்டாள். போனில் முகம் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

"அடப்பாவமே. எப்படி?"

"காத்து அடிச்சுது. பெரிய சத்தம். ஆர்டிஸ்... அடியில ஒரு கால் தெரியுது."

"என்னது?"

"பூட்ஸ் போட்ட கால். அசையவே இல்லை."

வார்த்த பால் அப்படியே திரிந்து போனது.

விஷயம் இதுதான்...

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் வடகோடியில், ஸ்வெட்லண்ட் ஏரிக்கரை. அங்கே வீடு கட்டுகிறவர்கள் தண்ணீரிலிருந்து எழுபத்தைந்து அடி தள்ளித்தான் கட்ட வேண்டும். கவுண்டியின், அதாவது ஜில்லா நிர்வாகத்தின், சட்டம். ஆர்டிஸும் அவள் கணவன் ஹார்லனும் இருபத்தாறு வருஷத்துக்கு முன் வீடு கட்டியபோது எழுபத்தைந்து அடி அளந்து, அதற்கும் மேலே ஒரு அடி விட்டுக் கட்டினார்கள். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஜனங்கள்!

பக்கத்து வீட்டு வோனிக்கு அந்தக் கவலை இல்லை. அவள் அப்பா சட்டம் வருவதற்கு முன்னாலேயே மரவீடு கட்டிவிட்டுப் போன மகராசன். தண்ணீரிலிருந்து பதினெட்டே அடி. பழைய வீடு என்பதால் கவுண்டியால் கை வைக்க முடியாது.

அதனால் ஆர்டிஸின் ஹால் ஜன்னலில் என்ன தெரியும்? வோனியின் கூரை. வோனியின் புகைபோக்கி. வோனியின் துணிக்கொடி. அதற்கும் ஒரு பிர்ச் மரத்துக்கும் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஏரி.

சூரியன் வோனிக்கு முன்னால்தான் மறைந்தது. லூன் பறவைகள் வோனியின் டாக்குக்கு, தண்ணீர்மேல் நீட்டிய அந்தப் பலகைப் படகுத்துறைக்கு, பக்கத்தில்தான் கத்தின. சர்ச்சிலிருந்து ஆட்களை விருந்துக்குக் கூப்பிட்டால், ஆர்டிஸ் மெனக்கெட்டுக் கறியும் உருளைக்கிழங்கும் போட்டுச் செய்த ஹாட்டிஷைத் தட்டில் வாங்கிக்கொண்டு, "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வர்றோம்" என்று வோனியின் டாக்குக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தட்டை மட்டும் ஆர்டிஸிடம் கழுவக் கொடுத்தார்கள்.

எரியுமா, எரியாதா?

ஹார்லன் விஷயம் வேறு. தினமும் காலை ஏழு மணிக்கு, "வோனி டாக்குல ஒரு பலகை ஆடுது" என்று கிளம்பிவிடுவான். அந்த டாக்கில் மொத்தமே நாற்பது பலகை. ஹார்லன் இதுவரை நூறு பலகையாவது சரி பண்ணியிருப்பான். திரும்பி வரும்போது மீசையில் காபி வாசனை.

இந்த வசந்தத்தில் வோனி பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டத் தீர்மானித்தாள். முழுக்க இடித்தால் புது வீடு எழுபத்தைந்து அடிக்குப் பின்வாங்கியாக வேண்டும். ஆனால் ஒரு சுவர் நின்றால்கூட அது 'ரிப்பேர்'. பழைய இடம் பழைய இடமே!

அந்தப் பக்கத்து ஏரிகளில் எல்லாருக்கும் இந்த வித்தை தெரியும். மூன்று சுவரை இடிப்பார்கள். ஒன்றை விட்டுவைப்பார்கள். அதற்கு முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, பின்னால் புது வீட்டை எழுப்புவார்கள். வோனியின் ஒற்றைச் சுவரும் கரையில் அப்படித்தான் நின்றது, ஜன்னலும் பூப்போட்ட திரையும் அப்படியே இருக்க. வோனி பின்னால் கேம்பர் வண்டியில் குடியிருந்தாள்.

ஆர்டிஸ் கவுண்டிக்குப் பதினோரு புகார்க் கடிதம் எழுதினாள். கடைசிக் கடிதத்தில், சுவரை இரண்டடி ஏரிப் பக்கம் நகர்த்திவிட்டார்கள் என்று கூசாமல் ஒரு பொய்.

ஏரிக்கரை வீடுகளை அளக்கும் கவுண்டி அதிகாரி மில்ட்டன் ஸ்கோக் போனில் அலுத்துக்கொண்டார்.

"சரி, புதன்கிழமை வந்து அளந்துடறேன். ஆனா ஒண்ணு சொல்றேன், ஆர்டிஸ். அந்தச் சுவர் நிக்கிற வரைக்கும் என்னால ஒண்ணும் கிழிக்க முடியாது."

நிற்கிற வரைக்கும்தானே?

செவ்வாய்க்கிழமை. பொழுது விடிந்து கொண்டிருந்தது. ஆர்டிஸ் ஹார்லனின் ட்ரில்லை எடுத்துக்கொண்டு போனாள். சுவரின் மூன்று முட்டுகளையும் கழற்றினாள். கழற்றியது தெரியாதபடி அப்படியே சாய்த்து வைத்துவிட்டு வந்தாள். ஏரியிலிருந்து வருகிற முதல் காற்று பாக்கியைப் பார்த்துக்கொள்ளும்.

பார்த்துக்கொண்டது.

ஆனால் சுவரடியில் கிடந்தது மில்ட்டன் ஸ்கோக்.

* * *

ஷெரிஃப் ஆபீஸிலிருந்து டிடெக்டிவ் லைல் நிக்கனென் வந்து சேர்ந்தார். உயரமான, அவசரமே இல்லாத மனிதர். ஸ்கோக்கின் உடலை ஆம்புலன்ஸ் கொண்டு போயாகிவிட்டது.

ஆர்டிஸ் ரூபார்ப் கேக்கோடு வந்து நின்றாள். சாவு நடந்த இடத்துக்கு வெறுங்கையோடு போகிற பழக்கம் அந்த ஊரில் கிடையாது. கொன்றவளுக்கும் அதே பழக்கம்தான்.

கேம்பர் வாசலில் வோனி அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஹார்லன். அவனுடைய ஜாக்கெட் வோனியின் தோளில் இருந்தது.

ஆர்டிஸ் போன கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்த ஜாக்கெட்!

ஒரு மனிதன் செத்துக் கிடந்த இடத்தில் நிற்கிறோம் என்பதே ஆர்டிஸுக்கு ஒரு நிமிஷம் மறந்துவிட்டது.

"குளிருதா வோனி?" என்றாள். "ஜூன் மாசத்துல?"

"நடுங்குதுடி. நானும் ஹார்லனும் உள்ள காபி குடிச்சிட்டிருந்தோம். திடீர்னு சத்தம். பாவம் மில்ட்டன். வந்ததே எங்களுக்குத் தெரியாது."

"காபி குடிச்சிட்டிருந்தீங்களா... சரி."

நிக்கனென் கேக்கில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டார்.

"வீட்டுல பண்ணினதா?"

"ஆமா. பரவாயில்லாம இருக்கா?"

"நல்லாவே இருக்கு. ஸ்கோக் உங்களுக்குப் பழக்கமா?"

"லெட்டர் பழக்கம்தான். ஆனா அவர் நாளைக்கு இல்ல வர்றதா இருந்தாரு?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஆர்டிஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்கிட்டதான் சொன்னாரு. சுவர் நகந்திருக்குன்னு எழுதினதே நான்தானே."

"ஓ, அந்தப் பதினோரு லெட்டர் நீங்கதானா? நாளைக்கு மழைன்னு ரேடியோல சொன்னாங்களாம். அதனால ஒரு நாள் முன்னாடியே கிளம்பிட்டாராம். அவர் சம்சாரம் சொன்னாங்க. நீங்க எழுதின மாதிரி அஸ்திவாரம் நகந்திருக்கான்னு சுவருக்குப் பின்னால குனிஞ்சு பாத்திருக்காரு. அந்த நேரம் பாத்து..."

ஸ்கோக் மேல் அவளுக்கு ஒரு கோபமும் கிடையாது. மனிதர் நல்லவர். ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் போட்டவர்.

"காத்து பண்ணின வேலை" என்றாள். "யாரை என்ன சொல்றது?"

"காத்தா இருந்தா நல்லதுதான். முக்கியமா வோனிக்கு."

"வோனிக்கா? அவளுக்கென்ன நல்லது? சுவர் போச்சுன்னா எழுபத்தஞ்சு அடிக்குப் பின்னால போகணுமே."

நிக்கனென் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"அது அவங்களா இடிச்சாத்தான். காத்து, நெருப்பு, ஐஸ், இதெல்லாம் தள்ளிவிட்டா அவங்க தப்பில்லையே. பழைய இடத்துலயே, பழைய அளவுலயே கட்டிக்கலாம்னு சட்டம். ஒரு சுவரைக்கூட விட்டு வைக்கத் தேவையில்லை. வோனிக்கு இனிமே ஒரு தொல்லையும் கிடையாது."

ஆர்டிஸின் காதில் ஏரியே புகுந்தது போல் ஒரு இரைச்சல்.

பதினோரு கடிதம் எழுதினவள், சட்டப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருக்கக் கூடாதா? சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, இதுதான் அது! ஒரு உயிரும் போயிற்று. வோனிக்குப் பதினெட்டு அடியும் நிரந்தரமாயிற்று. ஆர்டிஸுக்கு அதே கூரை, அதே புகைபோக்கி...

இந்த இடத்தில் புத்தியுள்ளவள் என்ன செய்வாள்? வாயை மூடிக்கொண்டு கேக் தட்டோடு வீட்டுக்குப் போவாள். காற்றின் மேல் பழி போட்டால் ஆர்டிஸும் பிழைத்தாள்.

ஆனால் தன் மூக்கு போனாலும் சரி, எதிரிக்குச் சகுனம் கெட வேண்டும் என்கிற ஜாதி ஒன்று உண்டு.

"காத்துன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றாள் ஆர்டிஸ்.

"நீங்கதானே இப்ப சொன்னீங்க?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மூணு முட்டு கொடுத்த சுவர். இந்தக் காத்துக்கெல்லாம் விழுமா? போன மாசம் புயலே அடிச்சுது. அப்பக்கூட அசையலையே."

நிக்கனென் அவளை ஒரு கணம் பார்த்தார்.

"நானும் அதைத்தான் யோசிச்சேன். வாங்க."

விழுந்து கிடந்த சுவருக்குப் பக்கத்தில் கூட்டிப் போனார். முட்டுக் கட்டைகளைத் தனியாக எடுத்து வரிசையாக வைத்திருந்தார்கள். மேலே தார்ப்பாய் மூடியிருந்தது. ஒரு மூலையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

"ஸ்க்ரூ போட்ட ஓட்டை இருக்கு. ஸ்க்ரூ இல்லை. யாரோ கழட்டியிருக்காங்க."

"அடக் கடவுளே."

"யாருக்கு லாபம்னு பாத்தா வோனி வர்றாங்க. காத்து மேல பழி, பழைய இடத்துல புது வீடு. அளக்க வர்ற ஆளும் ஒழிஞ்சான். ஆனா அவங்களைப் பாத்தா அப்படித் தெரியலை."

"பாத்தா யாருமே அப்படித் தெரிய மாட்டாங்க. நான் யார் மேலயும் குத்தம் சொல்லலை, சார். எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. அவகிட்ட ட்ரில் இருக்கு. முட்டு மாட்டினதே அவதான். மில்ட்டன் பேரை எடுத்தாலே மூஞ்சி சுளிப்பா. இதையெல்லாம் நான் சொன்னேன்னு எழுதிக்காதீங்க."

எழுதிக்கொண்டார்.

* * *

அரை மணி நேரம் கழித்து நிக்கனென் கேம்பர் வாசலுக்குப் போனார்.

"வோனி, கொஞ்சம் ஆபீஸ் வரைக்கும் வரணும்."

"எதுக்கு?"

"சுவர் தானா விழலை. முட்டுகளைக் கழட்டியிருக்காங்க. உங்களைத்தான் முதல்ல கேக்க வேண்டியிருக்கு."

"நானா?" வோனி எழுந்து நின்றாள். "எங்கப்பா கையால கட்டின சுவர் சார் அது. அதை நான் ஏன்... ஆர்டிஸ், நீயாவது சொல்லேன்டி. இத்தனை வருஷமாப் பாக்கிறியே."

"நான் என்னடி சொல்றது? போலீஸ் கேட்டா பதில் சொல்லித்தானே ஆகணும். ஒண்ணும் ஆகாது. உன் செடிக்கெல்லாம் நான் தண்ணி ஊத்திக்கறேன்."

உள்ளே தேன் சொட்டியது ஆர்டிஸுக்கு. வோனியே இடித்தாள் என்று ஆகிவிட்டால் எழுபத்தைந்து அடி! ஹால் ஜன்னலில் முழு ஏரி. சூரியன் முழுசாக. காலை ஏழு மணிக்கு ஹார்லன் எங்கே போவான் என்றும் பார்க்கலாம்.

வோனி காருக்குள் ஒரு காலை வைத்தாள்.

"அவளை விடுங்க" என்றது ஒரு குரல்.

ஹார்லன்.

"நான்தான் பண்ணினேன்."

வோனி திகைத்துப் போய்த் திரும்பினாள். ஆர்டிஸின் கையிலிருந்த கேக் தட்டு சாய்ந்தது. ஒரு துண்டு புல்லில் விழுந்தது.

"என்ன பண்ணினீங்க?" என்றார் நிக்கனென்.

"முட்டுகளைக் கழட்டினேன். காலைல. என் ட்ரில்தான். போய்ப் பாருங்க, கராஜ்ல இருக்கு."

"எதுக்கு?"

"எதுக்கா இருந்தா என்ன? பண்ணினேன். மில்ட்டன் வருவார்னு எனக்குத் தெரியாது. அவளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. அவளை இறக்கி விடுங்க."

அவளை, அவளை, அவளை!

முப்பத்து மூன்று வருஷம் குடித்தனம். ஆர்டிஸுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்த அன்றுகூட இந்த மனிதன் மீன் பிடிக்கப் போனான். இன்றைக்கு வோனிக்காக ஜெயிலுக்குப் போகிறானாம்! எல்லார் முன்னாலும், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல்!

ஆர்டிஸின் நெஞ்சுக்குள் இருபத்தாறு வருஷமாகப் புகைந்தது குப்பென்று பற்றிக்கொண்டது.

"பொய்" என்றாள்.

"ஆர்டிஸ், நீ சும்மா இரு" என்றான் ஹார்லன்.

"எதுக்குச் சும்மா இருக்கணும்? சார், இவன் பொய் சொல்றான். அவளைக் காப்பாத்தப் பாக்கிறான்."

"சும்மா இருன்னு சொல்றேன்ல."

நிக்கனென் ஹார்லனிடம் மெதுவாகக் கேட்டார்.

"எல்லா ஸ்க்ரூவையும் ட்ரில்லாலயே கழட்டினீங்களா?"

"ஆமா. எல்லாத்தையும்."

"மூணு முட்டுலயும்?"

"மூணுலயும்."

ஆர்டிஸ் சிரித்தாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்த சிரிப்பு.

"பாத்தீங்களா? ஒண்ணுமே தெரியலை இவனுக்கு. நடு முட்டுல ஒரு ஸ்க்ரூ சுத்தவே இல்லை. தலை தேஞ்சு போச்சு. ரம்பம் எடுத்துட்டு வந்து கட்டையையே அறுக்க வேண்டியதாப் போச்சு. கை காச்சுப் போச்சு எனக்கு. இவன் பண்ணினானாம்..."

நிறுத்தினாள்.

ஏரியில் எங்கோ ஒரு மோட்டார் படகு போனது.

நுணலும் தன் வாயால் கெடும் என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்?

நிக்கனென் தார்ப்பாயை முழுவதுமாக விலக்கினார். நடுவில் இருந்த கட்டை அடியில் அறுபட்டிருந்தது.

"இதை நான் யாருக்கும் காட்டலை, ஆர்டிஸ்" என்றார்.

ஹார்லன் புல்லில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏன்டி இப்படிப் பண்ணினே?"

"நீ ஏன்டா அவளுக்காக ஜெயிலுக்குப் போகணும்?"

"அவளுக்காகன்னு எவன் சொன்னான்?" ஹார்லனின் குரல் உடைந்தது. "காலைல நீ ட்ரில்லோட போனதை ஜன்னல்லேர்ந்து பாத்தேன். எதுக்குன்னு உடனே புரிஞ்சுபோச்சு. வோனி ஒரு தப்பும் பண்ணலை. அவளை அனுப்ப முடியுமா? உன்னைக் காட்டிக் கொடுக்கவும் எனக்கு மனசு வரலை. மிச்சம் இருந்தது நான் ஒருத்தன்தான்."

ஆர்டிஸ் கேக் தட்டைக் கீழே வைத்தாள்.

"எனக்காகவா?"

"பின்னே யாருக்காக? ஏழு மணிக்கு ஸ்க்ரூ டப்பாவை எடுத்துக்கிட்டுத்தான் இங்க வந்தேன். யாருக்கும் தெரியாம முட்டுகளைத் திரும்ப மாட்டிடலாம்னு. ஒரு கப் காபி குடிச்சிட்டுப் போன்னா வோனி. குடிச்சேன். அதுக்குள்ள மில்ட்டன் போயிட்டாரு. அந்த ஒரு கப்பை நான் சாகிற வரைக்கும் மறக்க முடியுமா?"

வோனி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஆர்டிஸ் அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். இருபத்தாறு வருஷமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

"அப்ப தினமும் ஏன்டா இங்க வந்தே? அவ மேல உனக்கு..."

"அவ மேல ஒண்ணும் இல்லை, ஆர்டிஸ்."

"பின்னே?"

ஹார்லன் தயங்கினான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். சற்று முன் சொன்ன ஒரே பொய்யும் எடுபடவில்லை.

"அவ காபி நல்லாயிருக்கும்."

விலங்கு மாட்டியபோதுகூட ஆர்டிஸுக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

* * *

கார் ஏரிச்சாலையில் போய்க்கொண்டிருந்தது. பின் சீட்டில் ஆர்டிஸ். ஜன்னல் வழியே மரங்களுக்கு நடுவில் ஏரி விட்டு விட்டுத் தெரிந்தது.

முன் சீட்டுப் பக்கம் சாய்ந்தாள்.

"மில்ட்டன் சம்சாரத்துக்கு நான் ஒரு லெட்டர் எழுதணும்."

"எழுதுங்க. வக்கீலைக் கேட்டுட்டு எழுதுங்க."

"சார்... ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"வோனி இப்ப எத்தனை அடியில கட்டலாம்?"

நிக்கனென் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். கேட்காமல் இருக்க அவளால் முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"அடுத்தவங்க பண்ணின நாசமும் காத்து மாதிரிதான், ஆர்டிஸ். பதினெட்டு அடி."

ஆர்டிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்கு எப்படி இருக்கும் அங்க? ஜெயில்ல?"

"உங்களுக்குச் சரியான இடம்தான். எல்லா ஜன்னலும் மதில் சுவரைப் பாத்து இருக்கும், எல்லாருக்கும் மதில் ஒரே தூரம். வயிறெரியணும்னாகூட அங்க ஒரு ஆள் கிடைக்க மாட்டாங்க."